இற்றுப்போன தளமும் இருபது வயது வள்ளமும்

கண்ணாடி நாரிழை வள்ளத்துக்கு அழிவில்லை என்று நம் கடற்கரை ஊர்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதனைக் கடற்புழு துளைப்பதில்லை. ஆண்டுதோறும் கலப்பற்றுப் பார்க்க வேண்டுவதில்லை. மணலில் மாதக்கணக்கில் காய்ந்தாலும் மரப்படகைப்போல் அது வாய்பிளப்பதில்லை. இவையனைத்தும் உண்மையே. ஆனால் அந்த வள்ளத்தின் வயிற்றுக்குள் மரம் இருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்ற ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒருநாள் விடியற்காலை, வலை ஏற்றுவதற்காகத் தளத்தின்மேல் ஏறி நின்ற என் தங்கை கணவரின் வலக்கால் கணுக்கால்வரை உள்ளே இறங்கியபோதுதான், அவரும் அவர் வீட்டாரும் அதை எண்ணத் தலைப்பட்டார்கள்.

நான் கடல்தொழில் செய்பவனல்லன். முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடைப்பட்ட கரையில் பிறந்து, தரையில் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆயினும் அடுத்த இரண்டு மாதங்களும் மாலை வேளைகளில் அந்த வள்ளத்தின் அருகிலேயே இருந்தேன். நடந்தவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இதே வயதுடைய வள்ளங்கள் நம் கரைகளில் ஏராளமாக இருப்பதால், அக்குறிப்புகள் வேறு வீட்டாருக்கும் பயன்படக்கூடும்.

வள்ளத்தின் வயிற்றில் இருப்பது

கண்ணாடியைத் தலைமயிரினும் மெல்லிய இழைகளாக இழுத்து, விரிப்பாகப் பரப்பி, ரெசின் என்னும் பிசினால் நனைத்து இறுகவைத்தால் கிடைப்பது இப்பொருள். அமெரிக்காவில் டொலீடோ நகரத்தவரான ரே கிரீன் என்பவர் 1942இல் பாலியெஸ்டர் ரெசினைக் கொண்டு ஒரு சிறு பாய்ப்படகு செய்தார். போர் முடிந்தபின் அந்நாட்டில் இவ்வகைப் படகுகள் பெருகின. அறுபது ஆண்டுகளுக்குமுன் அங்கே செய்யப்பட்ட படகுகளில் பலவற்றின் வெளிக்கூடு இன்னும் உறுதியாகவே இருக்கிறது. கெட்டுப்போவது உள்ளேயிருக்கும் மரந்தான். அங்கே பழைய படகை விலைபேசுவோர் எஞ்சினைப் பார்க்குமுன் தளத்தைத் தட்டிப் பார்ப்பது வழக்கம்.

நம் கரையில், கட்டுமரமும் நாட்டு வள்ளமும் ஆண்ட இடத்தில் 1980களில் ஒட்டுப்பலகை வள்ளமும் வெளிப்பொறியும் வந்தன. முட்டத்துப் படகுப் பட்டறைக்கு அதில் பெரும்பங்குண்டு. நாரிழை அதற்குப் பின்னரே பரவிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கலங்களை அடித்துச் சென்றபின், ஈடாக வழங்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை நாரிழை வள்ளங்கள். ஆயிரக்கணக்கில் விரைந்து வேண்டியிருந்தமையால் புதிய பட்டறைகள் பல அவசரத்தில் முளைத்தன. நல்ல வேலையும் நடந்தது, அரைகுறை வேலையும் நடந்தது. எங்கள் வள்ளம் அக்காலத்துப் பிறப்பு. மாப்பிள்ளை அதை இரண்டாம் கையாக வாங்கியவர். செய்தவர் யாரென்பதை அறியார்.

நாரிழைக் கூடு மெல்லியது. அலை அடிக்குந்தோறும் அடிப்பகுதி உள்வாங்கி வெளியே வரும். அதைத் தடுக்கவே அணியத்திலிருந்து அமரம்வரை நீளவாட்டில் தாங்குமரங்கள் பதிக்கப்பட்டு, அவற்றின்மேல் நாரிழை போர்த்தப்படுகிறது. வேலைக்காரர்கள் இவற்றை ஸ்டிரிங்கர் என்பார்கள். மேலே தளம் இருக்கிறது. அது இரண்டு நாரிழைத் தோல்களுக்கு நடுவே ஒட்டுப்பலகை வைத்துச் செய்யப்பட்டது. தோல்கள் இரண்டும் பலகையோடு இறுகப் பிணைந்திருக்கும்வரை தளம் விறைப்பாக நிற்கும். பலகை கூழாகிவிட்டால் இரு தோலும் தனித்தனியாகி, ஓலைப்பாய்போல் வளையும். அதற்குமேல் நான்கு ஆட்களும் வலையும் பனிக்கட்டியும் ஏறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பனிக்கட்டி செய்த கேடு

மரத்தை இற்றுப்போகச் செய்வது ஒருவகைப் பூஞ்சணம். அதற்கு ஈரமும் காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால் அது வளராது. முற்றிலும் நீரில் மூழ்கிக் கிடக்கும் மரத்திலும் காற்றில்லாமையால் வளர்வதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை, அதாவது என்றும் நசநசவென்று ஈரமாய் மூடிக்கிடக்கும் நிலை, அதற்குப் பிடித்தமானது.

இங்கே நான் அறியாத ஒரு செய்தியை வேலைக்கு வந்த மேஸ்திரியார் சொன்னார். கடல்நீரைவிட நன்னீரே மரத்துக்குப் பகை. உப்புக்குப் பூஞ்சணம் அஞ்சும். அமெரிக்க மரக்கப்பல் தச்சர்கள் வங்குகளின் இடைவெளியில் உப்பையே கொட்டி நிரப்பிவைத்தார்கள் என்று பின்னர் ஒரு நூலில் படித்து வியந்தேன். ஆகவே, அடிபட்டு அலைபட்டு நனைகின்ற கீழ்ப்பகுதி பிழைத்திருக்க, மழைநீர் தேங்கும் மேல்தளமும், பனிக்கட்டி உருகி வடியும் மீன்பெட்டியைச் சுற்றிய பலகையும் முதலில் சாகின்றன. எங்கள் வள்ளத்தில் கால் இறங்கிய இடம் மீன்பெட்டியின் விளிம்பேதான். யாரோ என்றோ மூடியின் கீல்களைத் தளத்தில் முடுக்கியபோது, திருகு ஓட்டைகளுக்கு ஒரு சொட்டு ரெசின்கூட வைக்கவில்லை. இருபது ஆண்டுகளாகப் பனிநீர் அவ்வழியே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

திறப்பதா, மூடுவதா?

மேஸ்திரியார் சிறு சுத்தியலின் மரப்பிடியால் தளத்தை அங்குல அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று ஒலி எழுந்தது. கெட்ட இடத்தில் நனைந்த மூட்டையைத் தட்டுவதுபோல் மொத்தென்று கேட்டது. மொத்தென்ற இடத்துக்கெல்லாம் சுண்ணக்கட்டியால் கோடிட்டார். ஒரு முழம் அளவுக்குப் பழுது இருக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். கோடு முடிந்தபோது தளத்தில் பாதிக்கு மேல் அதற்குள் அடங்கியிருந்தது. பிறகு இரண்டு இடங்களில் தாங்குமரத்தின் பக்கத்தில் சிறு துளையிட்டார். ஒன்றில் வெளிறிய காய்ந்த தூள் வந்தது. மற்றதில் காப்பிப்பொடி நிறத்தில் ஈரச்சேறு வந்து, அதன்பின் நீரே கசிந்தது. எஞ்சின் தொங்கும் அமரப்பலகை மட்டும் நன்றாக இருந்தது.

அன்று மாலை கரையில் பெரிய ஆலோசனை நடந்தது. "மேலே இரண்டு மேட் போட்டு ஒட்டிவிட்டால் மூன்று வருஷம் ஓடும், அதற்குள் வேறு பார்த்துக்கொள்ளலாம்" என்பது பலருடைய கருத்து. செலவு குறைவு, நான்கு நாளில் வேலை முடியும். மேஸ்திரியார் மறுத்துவிட்டார். "ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் நல்ல மரமும் சேர்ந்து போகும். மூடுகிற வேலை வேண்டுமென்றால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள்" என்றார். அவர் சொன்னது முரட்டுத்தனமாகப் பட்டது. ஆனால் ஈரமும் இருளும் பூஞ்சணத்துக்கு என்ன செய்யும் என்பதை அறிந்தவர் அதைத் தவறென்று சொல்ல மாட்டார்.

வள்ளத்தை விற்றுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. யாரிடம் விற்பது? உள்ளதைச் சொன்னால் வாங்குவாரில்லை. சொல்லாமல் விற்றால் வாங்குகிறவன் நான்கு பேரோடு கடலுக்குப் போவான். மாப்பிள்ளை நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மச்சான், நான் அப்படி விற்க மாட்டேன்" என்றார். என் தங்கை உள்ளே போய் வளையல்களைக் கழற்றிக்கொண்டு வந்தாள். வேறு வழியிருந்தால் அவள் கழற்றியிருக்க மாட்டாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அறுத்தலும் உலர்த்தலும்

முதல் வேலை வள்ளத்தை அசையாமல் இருத்துவது. தாங்குமரம் நீங்கியபின் கூடு தன் வடிவத்தை இழந்து தொய்ந்துவிடலாம். அப்படித் தொய்ந்த நிலையில் புதிய மரம் பதித்தால் கோணல் என்றென்றைக்கும் நிலைத்துவிடும். எனவே ஏராவின் கீழும் இரு பக்கங்களிலும் மணல்மூட்டைகளை நெருக்கமாக அடுக்கினார்கள். மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்து, தாங்குமரத்தின் உயரத்தைக் கூட்டின் பக்கத்தில் குறித்துவைத்தார்கள். எல்லா மரங்களையும் ஒரே வேளையில் எடுக்கவும் இல்லை. ஒரு பக்கத்தை முடித்து இறுகியபின்னரே மறுபக்கம் தொட்டார்கள்.

தளத்தின் மேல்தோலை, விளிம்பில் நான்கு விரல் அகலம் விட்டு, கிரைண்டரால் அறுத்தெடுத்தார்கள். அந்த விளிம்புதான் பின்னர் புதுத்தளம் உட்காரும் படி. தோல் நீங்கியதும் எழுந்த நாற்றத்தை எழுதுவது கடினம். பலகை மண்வெட்டியால் அள்ளும் நிலையில் இருந்தது. இடப்பக்கத் தாங்குமரத்தை வெறுங்கையால் பிய்த்தேன். ஊறிய தென்னந்தும்பு எடுப்பதுபோல் வந்தது. மிதப்பதற்காக அடைத்திருந்த நுரைக்கட்டிகளும் நீர் குடித்துக் கனத்திருந்தன. அவற்றையெல்லாம் எடுத்து வெளியே போட்டபின், வழக்கமாகப் பத்துப்பேர் தள்ளும் வள்ளத்தை ஆறுபேர் அசைத்தார்கள். பெட்ரோல் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று ஆண்டுக்கணக்காக எஞ்சினைக் குறை சொன்னோமே என்று மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார்.

அதன்பின் மூன்று வாரங்கள் ஒன்றும் செய்யவில்லை. இதுவே எல்லாவற்றிலும் கடினமான பகுதி. நாரிழையும் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். அது காயாமல் எதுவும் ஒட்டாது. தென்மேற்குப் பருவத்து மீன்பாடு தொடங்குமுன் முடிக்க வேண்டும் என்ற கவலையில் மாப்பிள்ளை நாள்தோறும் "காய்ந்துவிட்டதா?" என்று கேட்பார். மேஸ்திரியார் வாய் பேசாமல், ஒரு முழச் சதுரம் தெளிந்த பாலித்தீன் தாளைக் கூட்டின் உட்புறத்தில் நான்கு விளிம்பும் ஒட்டி வெயிலில் விடுவார். மாலையில் தாளின் உள்ளே பனித்துளி கண்டால் இன்னும் காயவில்லை என்பது பொருள். பதினெட்டாம் நாள்தான் தாள் தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னும் மூன்று நாள் விட்டார்.

வீட்டார் அறிய வேண்டியவை

இல்லத்தரசியர் இப்பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டுகிறேன். நாரிழையைத் தேய்க்கும்போது பறக்கும் தூளில் கண்ணாடி இருக்கிறது. முகமூடியும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அதன் அருகே நிற்கலாகாது. அந்தத் துணிகளைக் குழந்தைகளின் துணியோடு துவைக்கவும் கூடாது. பாலியெஸ்டர் ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் என்னும் நீர் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வையைக் கெடுக்கக்கூடியது. வயிற்றுக்குள் போனால் உயிருக்கே தீங்கு. அது பார்ப்பதற்குத் தண்ணீர்போல் இருக்கும். அதைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வீட்டு மாடத்தில் வைக்கும் பழக்கத்தை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அந்தக் கேட்டலிஸ்ட்டையும், விரைவுபடுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்தபின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

புதிய மரம், புதிய பசை

எந்தப் பசை என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. பாலியெஸ்டர் மலிவு, நம் கரையில் எல்லாருக்கும் கைவந்தது. புதுப்படகு செய்ய அது போதும். ஆனால் முன்பே இறுகிவிட்ட பழைய நாரிழையிலும் மரத்திலும் அதைவிட எப்பாக்ஸி உறுதியாகப் பற்றும். விலைதான் அச்சுறுத்தியது. உட்புறப் பழுதுக்கு முழுவதும் எப்பாக்ஸி என்று கடைசியில் முடிவாயிற்று. அதற்கேற்ப விரிப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. வழக்கமான மேட்டிலுள்ள துண்டு இழைகளைப் பிணைத்திருக்கும் பொருள் பாலியெஸ்டரில்தான் கரையும், எப்பாக்ஸியில் கரையாது. ஆகையால் நெய்த கண்ணாடித் துணி வாங்கினோம்.

பலகைக் கடையில் "தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது" என்று கூறி வேறொன்றை எடுத்துக் காட்டினார்கள். அதில் ஐ.எஸ். 303 என்ற முத்திரை இருந்தது. அது வீட்டுச் சமையலறை அலமாரிக்கு உரியது. கடலுக்குரிய ஒட்டுப்பலகையின் முத்திரை ஐ.எஸ். 710. எண்ணைப் பார்க்காமல் வாங்கியிருந்தால் பத்தாண்டில் மீண்டும் இதே கதைதான்.

இரண்டு பலகைகளை ஒட்டித் தாங்குமரம் செய்தார்கள். மேல்விளிம்புகளை உருண்டையாகச் சீவினார்கள். கண்ணாடித் துணி கூர்மையான மூலையில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்த இடைவெளியில் நீர் தங்கும். முனைகளுக்கு மும்முறை எப்பாக்ஸி பூசப்பட்டது. மரத்தை நேராகக் கூட்டின்மேல் உட்காரவைக்கவில்லை. எப்பாக்ஸியில் தூள் குழைத்த பசைமாவைத் தடிப்பாக இட்டு, அதன்மேல் சில மில்லிமீட்டர் உயரத்தில் மரம் மிதக்குமாறு வைத்தார்கள். மரம் கூட்டை ஒரே கோட்டில் அழுத்தினால், அலை அடிக்கும்போது அந்தக் கோட்டிலேயே கூடு வெடிக்கும் என்பது காரணம். இருபக்கமும் பிதுங்கிய பசையைக் கட்டைவிரலால் வழித்து வளைவாக்கினார்கள். அதன்மேல் துணி அடுக்குகள் ஏறின, ஒவ்வோர் அடுக்கும் முன்னதைவிட ஓர் அங்குலம் அகலமாக. நீர் அமரத்தை நோக்கி வடிய, தாங்குமரங்களின் அடியில் துளை விட வேண்டும் அல்லவா? பழைய வேலையில் அத்துளைகளின் உட்புறம் பச்சை மரமாகவே இருந்தது. இம்முறை ஒவ்வொரு துளையிலும் ஒரு துண்டு பி.வி.சி. குழாயைப் பசையிட்டுப் பதித்தார்கள்.

இரண்டு பிழைகள் நேர்ந்தன. ஒருநாள் கலவையை வாளியிலேயே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பியபோது வாளி புகைந்து, பிளாஸ்டிக் உருகி, உள்ளே பாறை கிடந்தது. எப்பாக்ஸி இறுகும்போது வெப்பம் விடும். ஆழமான பாத்திரத்தில் அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. அகன்ற தட்டில் பரப்பிவைத்தால் இந்த இடர் இல்லை. மற்றொன்று, ஈரக்காற்று வீசிய இரவுக்குப் பின் பூச்சின்மேல் மெழுகுபோல் ஒரு படலம் படிந்திருந்ததைக் கவனியாமல் அடுத்த அடுக்கை இட்டது. அது மறுநாள் தோல்போல் உரிந்தது. அந்தப் படலம் வெறும் தண்ணீரில் கழுவித் தேய்த்தால் போய்விடும். கழுவாததற்கு ஒருநாள் கூலியும் இரண்டு முழம் துணியும் போயின.

தளப்பலகையின் அடிப்புறத்தை முதலில் பூசி மூடினார்கள்; பொருத்தியபின் அங்கே யாருடைய கையும் போகாது. தாங்குமரங்களின்மேலும் விட்டுவைத்த விளிம்பின்மேலும் பசைமாவை இட்டுப் பலகையை இறக்கி, தண்ணீர்க் குடங்களை வரிசையாக ஏற்றி அழுத்தினார்கள். பழைய தோலும் புதிய தோலும் சேரும் இடத்தில், தோலின் தடிப்பு ஒன்றென்றால் பன்னிரண்டு பங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது கணக்கு. எங்கள் தோல் 6 மில்லிமீட்டர். ஆகவே சரிவு 72 மில்லிமீட்டர். அளவுகோலை வைத்துக்கொண்டு நின்றது நான்தான். அந்த ஒரு வேலையில் எனக்குப் பெருமை உண்டு. எப்பாக்ஸி வெயிலில் வெளிறிப் பொடியுமாதலால் மேலே இருபகுதிப் பாலியூரிதேன் வண்ணம் பூசப்பட்டது.

கடைசியில் மீன்பெட்டியின் கீல்கள். மேஸ்திரியார் திருகின் பருமனைப்போல் மூன்று மடங்கு பெரிய துளை போட்டார். இதென்ன, புதுத்தளத்தில் இப்படியா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அத்துளைகளைப் பசைமாவால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே திருகுக்கு உரிய சிறு துளை இட்டார். இனித் திருகு தளர்ந்தாலும் நீர் மரத்தைத் தொடாது.

மே மாத இறுதியில் வள்ளம் இறங்கிற்று. மேட்டலையில் ஏறி விழுந்தபோது முன்பெல்லாம் அடியிலிருந்து வரும் தடதடப்பு இப்போது இல்லை என்று மாப்பிள்ளை வந்து சொன்னார். நகைக்கடனில் பாதி அந்தப் பருவத்திலேயே அடைந்தது. மீதி இன்னும் இருக்கிறது. பனிக்கட்டி உருகும் நீருக்குத் தனிக் குழாய் வைத்து வெளியே விட்டிருக்கிறார்கள். சென்ற வாரம் பக்கத்து வள்ளக்காரர் ஒருவர் கொடிக்கம்பம் பொருத்துவதற்காகத் துளைக்கருவியை எடுத்துக்கொண்டு தம் வள்ளத்தில் ஏறினாராம். மாப்பிள்ளை ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, பசைமாவு எடுத்துவர வீட்டுக்குப் போனார் என்று தங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள்.